அண்ணி குரலுக்கு வந்த சட்டம்

என் வீட்டுக்காரருக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் தெரியும், ஃபிரிட்ஜ் ரிப்பேர் தெரியும். சட்டம் தெரியாது. தெரியாததால்தான் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தோம். இப்போது பாருங்கள், பல் தேய்க்கும்போதே ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் போன். "செயற்கை நுண்ணறிவுச் சட்டத்துல அந்தப் பிரிவை மறுபடியும் மாத்திட்டாங்கடி" என்று வாய் நிறைய நுரையோடு வந்து நிற்பார். கொப்பளித்துவிட்டு வந்து சொல்லித் தொலையுங்கள் என்று நான் கத்துவேன். இப்படித்தான் விடிகிறது எங்கள் பொழுது.

கடை ஒன்றும் பெரிய கடை இல்லை. முன்னறையில் மேசை, போன், கம்ப்யூட்டர். பின்னறை முழுக்கப் பிரித்துப் போட்ட மோட்டாரும் பெல்ட்டும். நாலு மெக்கானிக்குகள். அவர்களுக்கு இவர் போட்டிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. யார் வீட்டுக்குப் போனாலும், ஒரு திருகைத் தொடுவதற்கு முன்னால் "திறக்கட்டுமா?" என்று கேட்டாக வேண்டும். ரிப்பேருக்குத்தானே கூப்பிட்டார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று வாய் பேசிய மெக்கானிக்கை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "ரிப்பேருக்குக் கூப்பிட்டாலும் அது அவங்க பொருள்டா" என்று கடை அதிரக் கத்தினார்.

ஆனால் ஜனங்கள் எங்களைத் தேடிக் கூப்பிட்டதற்குக் காரணம் இவரும் இல்லை, மெக்கானிக்குகளும் இல்லை. அண்ணி. இவருடைய அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர், எங்களோடுதான் இருக்கிறார். கடை திறந்த நாளிலிருந்து போன் எடுத்தது அவர்தான். வீடெல்லாம் தண்ணீர் ஓடும்போது போன் செய்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள்? நானாக இருந்தால் ரெண்டாவது வார்த்தையிலேயே சண்டைக்குப் போயிருப்பேன். அண்ணி நிதானமாக, "முதல்ல குழாயை மூடிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பார். கத்திவிட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது "அக்கா" என்பார்கள். மெஷின் சரியான பிறகும் சும்மா கூப்பிட்டு, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று விசாரிக்கிறவர்கள் உண்டு.

அப்புறம் அண்ணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. இப்போது எதையும் போனில் தட்டிக் காட்டுவார். நம்மைக் கூப்பிட வேண்டுமென்றால் மேசையில் ரெண்டு தட்டு.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்தார். பழைய அழைப்புகளெல்லாம் பதிவாகி இருக்கிறதே, அதை வைத்து அக்கா குரலையே செய்து தருகிறேன், அதுவே போன் எடுத்துப் பேசிவிடும் என்றார். செய்தும் கொடுத்தார். முதல் முறை அந்தக் குரல் "வாங்க, சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் பின்னறையில் மோட்டார் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நானும்தான். அண்ணி எழுந்து கை கழுவப் போனார்.

பின்னாலேயே வந்தது சட்டம். பேசுவது இயந்திரம் என்று எடுத்தவுடனே சொல்லிவிட வேண்டுமாம். இவரும் அதைச் சேர்த்தார். அது சொல்லி என்ன பிரயோஜனம்? "நான் ஒரு இயந்திரம்" என்று அண்ணி குரலில் சொன்னால், "சரிக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறது ஜனம். அதுவும், "நல்லா இருக்கேன், நீங்க சொல்லுங்க" என்கிறது. பிறகு, கேட்டால் மனுஷ ஆளிடம் மாற்றிவிட வேண்டும் என்று ஒன்று. அந்த மனுஷ ஆள் நான்தான், கேட்கவே வேண்டாம். பேச்சை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று இன்னொன்று. அதைச் செய்துவிட்டு மூச்சு விடுவதற்குள் அந்தப் பிரிவையே தள்ளி வைத்துவிட்டார்கள். சின்னக் கடைக்கு விலக்கு உண்டு என்றார்கள். எது சின்னக் கடை என்று ஒரு விளக்கம் வந்தது. அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம் வந்தது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் வருகிறது. படிக்கிற இவருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம்தான் வந்தது.

சாப்பிடும்போது படித்தார். மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தார். எனக்கே அலுத்துப் போய், "எதுக்குங்க இந்தப் பாடு? கம்பெனிக்காரர் சும்மா குடுக்கிற பொதுக் குரலைப் போட்டுட்டுப் போவோமே, அதுக்கு இவ்வளவு ரோதனை இல்லையாமே" என்றேன்.

"அக்கா குரல்டி அது. வேற எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்?" என்றார்.

கடைசியாக வந்த விதி இதுதான். இயந்திரம் பேசுவது உயிரோடு இருக்கும் ஒருவருடைய குரல் என்றால், அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். வெளியாள் ஒருவர் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். முதலாளியோ முதலாளி வீட்டாரோ அந்த அறையில் இருக்கக் கூடாது. சம்மதம் இல்லையென்றால் குரலை அழித்துவிட வேண்டும்.

படித்துவிட்டு இவர் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! "இத்தனை விதியில இது ஒண்ணுதான் சுலபம். நம்ம அக்காதானே!" என்று, வெளியாளாக இருந்து கேட்க உடனே ஒரு வக்கீலம்மாவை வரச் சொன்னார்.

வக்கீலம்மா வந்து எங்கள் ரெண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். சொந்தக் கடை வாசலில், வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பிள்ளைகள் மாதிரி நின்றோம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அண்ணி தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆமான்னு சொல்ல எதுக்குடி இவ்வளவு நேரம்?" என்றார் இவர்.

வக்கீலம்மா வெளியே வந்தார். "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"அக்காவுக்குப் புரிஞ்சிருக்காதும்மா. இன்னொரு தடவை கேளுங்க."

"மாத்தி மாத்திக் கேட்டுட்டேன் சார். நல்லாப் புரிஞ்சுதான் சொல்றாங்க."

இவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "ஏன்க்கா? உன் குரலைக் காப்பாத்தத்தானே நான் நாயா அலையறேன்? கடை போனாக்கூடப் போகட்டும், உன் குரல் போகக் கூடாதுன்னுதானேக்கா!"

அண்ணி மேசையில் ரெண்டு தட்டு தட்டினார். போனை நீட்டினார். இவர் படித்தார். என்னிடம் கொடுத்தார்.

'நல்லா இருக்கீங்களான்னு எல்லாரும் அதைக் கேக்கறாங்க. நல்லா இருக்கேன்னு அது சொல்லுது. நான் இங்கேயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். என்னை ஒருத்தரும் கேக்கலை. குரல் செய்யறப்போ நீயும் கேக்கலை.'

எனக்கு வந்ததே கோபம்! "ஊரான் வீட்டுத் திருகுக்குக் கேக்கத் தெரியுது, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா உங்களுக்கு?" என்று வக்கீலம்மா இருக்கிறதையும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்து அண்ணிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அத்தனை மாசத்து அலைச்சலும் அந்த முகத்தில் தெரிந்தது. ஐயோ, பாவமாகவும் இருந்தது.

"குரலை எடுத்துடட்டுமாக்கா?" என்றார்.

அண்ணி தலையாட்டினார்.

மறுநாள் காலையில் போன் அடித்தபோது எடுக்க அந்தக் குரல் இல்லை. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் இவரே போய் எடுத்தார். ஏதோ ஒரு வீட்டு அம்மா. "ஐயோ, மெஷின்லேருந்து தண்ணியா கொட்டுதுங்க! அக்கா இல்லையா? நல்லா இருக்காங்களா?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "நல்லா இருக்கியாக்கா?"

அண்ணி கொஞ்சம் யோசித்தார். பிறகு இல்லை என்று தலையசைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி அழுது அன்றுதான் பார்த்தேன்.

இவர் ஒரு கையால் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தார். "நல்லா இல்லைங்க" என்றார். "இங்கதான், பக்கத்துல இருக்காங்க. நீங்க முதல்ல குழாயை மூடிட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."