மச்சான் கூப்பிட்ட பெரட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரத்தில் என்னைவிட நன்றாகப் பாடியவன் யாருமில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அன்றைக்கு மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ரேடியோவில் புதுப்பாட்டு வந்த வாரமே அதை டேப்பில் பதிந்துவிடுவேன். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதுவரை பாடம் செய்துவிட்டுத்தான் கல்யாண மேடையில் ஏறுவேன். கண்ணை மூடிக் கேட்டால் ரேடியோதான் என்பார்கள்.

பிறகு வீடியோ வந்தது. முதலில் வசதியானவர்கள் வீட்டில், அப்புறம் குனோங் ராபாட்டின் தொடர்வீடுகளில், கடைசியில் கல்யாண மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது. கேசட் கடையில் அசல் பாடகரே மலிவாகக் கிடைக்கும்போது ரேடியோ மாதிரிப் பாடுகிறவன் எதற்கு? ஒரு கல்யாணத்தில் மேடைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூலையிலிருந்த டிவியைப் பார்த்தார்கள். நான் அத்தனை முதுகுகளுக்கும் சேர்த்து ஒரு காதல் பாட்டுப் பாடினேன்.

என் நிலைமை இப்படி இருக்க, மச்சானுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் காலியில்லை.

மச்சான் எனக்குச் சொந்தமில்லை. தெலுக் இந்தான் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தோம், அந்தப் பழக்கத்தில் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வோம். என் அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணி. ஆபீஸ் வேலையும் ஆள்பதிவுப் புத்தகமும் அவர் கையில் இருந்தன. அவனுடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். தோட்டப் பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு. பின்னாளில் என் இசைக்குழுவில் அவன் தபேலா வாசித்தான். ஒருநாள் தனக்கும் ஒரு பாட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டான். உன் தொண்டைக்குத் தபேலாவே அதிகம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த மாதம் விலகிப்போய்ச் சொந்தமாக ஒரு குழு வைத்தான்.

அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்க்க, அழைப்பில்லாமலே புந்தோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மைக் கெட்டுப்போக வேண்டும் என்று சத்தியமாக வேண்டிக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் அவனுக்குச் சுருதி நழுவியது. என் வயிற்றில் பாலை வார்த்தான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் வாத்தியங்களை நிறுத்திவிட்டுப் பெரட்டுக் கூப்பிட ஆரம்பித்தான். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்போம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபின் அந்த வரிசையில் நின்றவர்கள் ஈப்போவுக்கும் தஞ்சோங் மாலிமுக்குமாகச் சிதறிப்போயிருந்தார்கள். மச்சான் கையில் ஒரு தாள்கூட இல்லை. ஆட்களின் பெயருக்குப் பதிலாக, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளைக் கூப்பிட்டான். “மேட்டு லயம், நாலாம் நம்பர் வீடு, வந்தாச்சா?” என்றான். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து “வந்தாச்சு” என்று ஒரு குரல் வந்தது. அந்த வீட்டில் ஓயாமல் ஒலித்த பாட்டிலிருந்து நாலு வரி பாடினான். பிறகு அடுத்த வீடு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவன் கல்யாண வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள், யாருக்கு எந்தப் பாட்டு என்று விசாரித்துவிட்டுப் போனதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அதற்குள் யாரோ எழுந்துபோய் டிவியை அணைத்தார்கள். நாற்காலிகள் எல்லாம் மேடைப் பக்கம் திரும்பின. எனக்கு வயிறு எரிந்தது. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வருஷமே எனக்கும் வாய்ப்பு வந்தது. குனோங் ராபாட்டில் கல்யாணம், அதுவும் எங்கள் தோட்டத்து ஆட்களே. அடுப்படி அடுப்படியாகப் போய் விசாரிக்க எனக்கென்ன தலையெழுத்து? அப்பாவின் அலமாரியில் பழைய ஆள்பதிவுப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று பாட்டு முடிந்ததும் வாத்தியங்களை நிறுத்தினேன். புத்தகத்தைப் பிரித்து முதல் பெயரைப் படித்தேன். பதில் இல்லை. இரண்டாவது பெயரைப் படித்ததும் மண்டபம் அடங்கிப்போனது. மயங்கிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன். மூன்றாவது பெயருக்கு, நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா இலையின் முன்னாலிருந்து எழுந்தார்.

“அது எங்கம்மா பேரு. காய்ச்சலோட கொஞ்சம் லேட்டா வந்தாங்கன்னு ஒங்கப்பா பெரட்டுலருந்து திருப்பி அனுப்பிட்டாரு. அன்னிக்கி வீட்டுல அடுப்பு எரியல. அந்தப் புக்க இங்க எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?”

அவர் சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். யாரோ டிவியின் ஒலியைக் கூட்டினார்கள்.

நான் அந்த வரிசையில் ஒருநாள்கூட நின்றதில்லை. பெரட்டு நடக்கிற நேரத்தில் மேட்டிலிருந்த கிராணி வீட்டில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருப்பேன். மச்சான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றவன். அது மேடையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் எனக்கு அவன்மேல் இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

கல்யாணப் பெண்ணின் அப்பா நல்ல மனிதர். என்னைக் கையோடு அழைத்துப்போய் உட்காரவைத்துத் தானே சோறு போட்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, சின்னவளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. ஒங்க மச்சான் வந்து பாடுனா நல்லாருக்கும். அவர புடிக்க முடியல லா. நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க.”

சொல்கிறேன் என்றேன்.

அடுத்த வாரம் மச்சானைக் கோப்பிக் கடையில் பார்த்தேன். குனோங் ராபாட் கச்சேரியில் எனக்கு நடந்தது அவன் காதுக்கும் எட்டியிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கும் சேர்த்துக் கோப்பி சொன்னான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. கோப்பி வந்ததும் அவனே கேட்டான்.

“குனோங் ராபாட் கல்யாண வீட்டு ஆளுங்கல்லாம் நல்லா இருக்காங்களா மச்சான்? லயத்துல எங்க பக்கத்து வீடு. எங்கம்மாவுக்கு முடியாதப்ப அவங்கதான் எனக்குச் சோறு போட்டாங்க. ஒருநாளு அவங்க வீட்டு விசேசத்துல பாடணும்.”

நான் கோப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னேன். “சின்னவளுக்குத் தையில கல்யாணம். அதுக்கு வீடியோதானாம் மச்சான்.”

அவன் தலையை ஆட்டினான். கோப்பிக்கு அவனே பணம் கொடுத்துவிட்டுப் போனான்.

பெண்ணின் அப்பாவை ஒருமுறை மார்க்கெட்டில் பார்த்தேன். சொல்லியாகிவிட்டது, வருவான் என்றேன். தை மாதம் அந்தக் கல்யாணத்தில் மைக்கைக் கட்டிவைத்துவிட்டு மதியம்வரை அவனுக்காகக் காத்திருந்தார்களாம். பந்தி முடிகிற சமயத்தில், எல்லாரும் ஏற்கெனவே பார்த்த ஒரு படத்தைப் போட்டார்களாம். பெரிய பாடகன் ஆனதும் மச்சானுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அந்த வீட்டில் என்னிடமே சொன்னார்கள். நான் ஆமாம் என்றேன்.