கத்துகிற மெஷின்

கம்ப்யூட்டரை நிறுத்த யாராலும் முடியும். மறுபடி கிளப்பும்போதுதான் எங்களைப் போன்றவர்களின் மானம் போகும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லி அழுவேன்?

முடியாத வரி

ஸ்ரீ சிட்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. தினமும் நகரியிலிருந்து போய் வருகிறேன். அங்கே ஒரே பெரிய பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஓடும். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றும் கிளம்பும்போது, எவ்வளவு மெமரி, எந்த டிஸ்க் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஆளாளுக்கு அதன் வாலில் எதையோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திரையில் அந்த வரி முடியவே முடியாது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில், இரண்டு விதமாக இருந்தது. எதற்கு என்று மேனேஜர் மோகன் சாரைக் கேட்டேன்.

"எதுக்குன்னு எனக்கும் தெலீதய்யா. ஆனா கை வெக்காத."

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்தி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைப்பது எங்கள் வழக்கம். போன வருஷம் பூஜைக்கு முன்பு மேனேஜர், வாசலில் கைரேகை பார்த்து ஆட்களின் வருகையைப் பதியும் கேட் மெஷினின் டிஸ்க்கை மாற்றியிருந்தார். வரியில் எழுதவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மறுநாள் கிளப்பினால், வரியில் இருந்த டிஸ்க் இல்லை. இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? கமுக்கமாக ஏதோ பழைய நகலை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது அந்த மெஷின்.

அந்த நகலுக்குப் பிறகு சேர்ந்த ஆட்கள் யாரையும் அதற்குத் தெரியவில்லை. நாகலாபுரத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி தேவகி விரல் வைத்தார், சிவப்பு விளக்கு. ஒரு வருஷம் ஒரு நாளும் விடாமல் வந்தால்தான் கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவார்கள். அவருக்கு அதில் மிச்சமிருந்தது ஒரே வாரம். வெயிலில் நிற்க வைத்து, ஆப்சென்ட் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மேனேஜர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. போகும்முன் தேவகி என்னிடம் சொன்னார்:

"வெரலு என்னுதுதான் சார். மெஷினுக்குத்தான் நான் யாருன்னு தெரில."

புதிய முறை

அந்த வரியைத் தூக்கிக் கடாசினேன். எல்லா அமைப்புகளும் ஒரே கோப்பில். மெஷின் கிளம்புமுன் அதை முழுசாகப் படித்துச் சரிபார்க்கும். ஒன்று தவறினாலும் கிளம்பாது. எது தவறு என்று சொல்லிவிட்டு நிற்கும். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினேன். மேனேஜர் நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தப்பு இருந்தாலும் கெளம்பணும்யா, அதான் நல்ல மெஷினு."

இந்த வருஷம்

மறுபடி பூஜை, மறுபடி மறுநாள் காலை. தேவகி திரும்ப முதலிலிருந்து நாள் எண்ணி, மறுபடி கடைசி வாரத்தில் இருந்தார். கேட் மெஷின் கிளம்ப மறுத்தது. 'சொன்ன டிஸ்க் இல்லை' என்று திரையில் சிவப்பாக ஒரு வரி. மனுஷன் இந்த வருஷமும் டிஸ்க்கை மாற்றிவிட்டுக் கோப்பில் எழுதவில்லை! கேட்டால் என் மேலேயே பாய்கிறார்: "நல்ல நாளும் அதுவுமா ஏன்யா கத்துது? அந்த செக்கிங்கை எடுத்துடு!" எதிர்த்துப் பேசினால் அன்றே வேலை போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பில் டிஸ்க்கின் பெயரை மாற்றினேன். மெஷின் கிளம்பியது. நாகலாபுரம் பஸ் அதற்கப்புறம்தான் வந்து நின்றது.

தேவகி விரல் வைத்தார், பச்சை விளக்கு. எங்கள் அறை கேட்டை ஒட்டியிருப்பதால் மேனேஜர் வெளியே போகும்போது மறுபடி போட்ட கூச்சல் தேவகி காதிலும் விழுந்தது. என்ன சங்கதி என்று ஜன்னலில் நின்று கேட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"போன வருசமே இப்டி கத்தியிருந்தா, நான் இந்நேரம் பர்மனென்ட்டு ஆயிருப்பேனே சார்."

தப்பை முழுங்கிவிட்டுக் கிளம்புகிற மெஷினுக்கு நல்ல மெஷின் என்று பெயர், தப்பைச் சொல்லி நிற்கிற மெஷினுக்கு அபசகுனம் என்று பெயர், அதை எழுதினவனுக்கு என்ன பெயர் என்பதை இந்த வருஷ இன்கிரிமென்ட்டில் மேனேஜர் சொல்லுவார்.