குண்டசாலைக்காரரின் கம்ப்ரஸர்

எங்கள் கோவிலில் நத்தாருக்கு, இயேசு பிறந்த காட்சியாக வைக்கும் பாலன் குடில் சுரூபங்களுக்கு வருடா வருடம் பெயின்ட் அடிப்பது நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. அந்தப் பைத்தியம் வேறு யாருக்கும் பிடிக்காததால் அது என் வேலையாகிவிட்டது. வருடம் முழுக்க அலுவலகத்தில் பைல் தள்ளுகிற கிளார்க்குக்கு டிசம்பரில் மட்டும் கொஞ்சம் மரியாதை. பூசை முடிந்து வெளியே வந்தால், "இந்த முறை மாதா நல்லா வந்திருக்கு அண்ணே" என்று நாலு பேராவது சொல்வார்கள். நானும் அடக்கமானவன் மாதிரி சிரிப்பேன்.

அதில் மண் அள்ளிப் போட்டவர் குண்டசாலைக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு மனிதர். எங்கள் குடிலின் சிறகு உடைந்த சம்மனசுச் சுரூபம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார். வெள்ளைச் சிறகு நுனிக்குப் போகப் போக, எங்கே மாறியது என்றே தெரியாமல் இளநீலமாகியிருந்தது. ஓரிடத்திலும் பிரஷ் கோடு இல்லை.

"ஏர்பிரஷ்ல அடிச்சது ஃபாதர். பேனா மாதிரி ஒரு சாமான். காத்தோட சேத்துப் பெயின்டைத் தூவும்" என்றார்.

ஃபாதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பார்த்தேன். வயிறு பற்றி எரிந்தது.

"குடில்ல நிக்கிற மூணு ராஜாக்கள்ல ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்கிட்டுப் போங்க. யாரோடது நல்லா வருதோ, அவரே மாதாவுக்கும் அடிக்கட்டும்" என்றார் ஃபாதர் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற சுரூபங்களை யார் வேண்டுமானாலும் அடிக்கட்டும், ஆட்டுக்குட்டிகளை நாய்க்குக் கூடக் கொடுக்கட்டும். மாதா என்னுடையது.

எதிரியின் ஆயுதத்தைப் பார்த்துவரப் புறப்பட்டேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு போனது முதல் பிழை. "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்றேன். மஹய்யாவவிலிருந்து இரண்டு பஸ் மாறி யாரும் சும்மா குண்டசாலைக்கு வருவதில்லை. அவர் அதைக் கேட்கவில்லை. மேசைக்குக் கீழே, ஒரு சின்னக் காற்று டாங்கியின் முதுகில், பேனாவுக்குக் காற்றை அமுக்கி அனுப்பும் கம்ப்ரஸர் உட்கார்ந்திருந்தது. அதில் சாய்ந்தபடி பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"எங்க, ஒருக்கா போட்டுக் காட்டுங்க பாப்போம்."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அண்ணே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி பெருமூச்சு விட்டாள். "அந்த வீட்டுல ஒரு சத்தம் இல்ல, பாத்தீங்களா? மெசினும் அப்படி, அந்த மனுசனும் அப்படி."

அடுத்த நாளே ஏர்பிரஷ் ஒன்றை வாங்கிவிட்டேன். மிச்சம் கம்ப்ரஸர்தான். அது சத்தமில்லாததாக இருந்தே ஆகவேண்டும். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை.

டவுனில், பஸ்கள் ஊர்ந்து போகும் தெருவில் ஒரு சாமான் கடை. முதலாளி மூன்று கம்ப்ரஸர்களை வரிசையாக வைத்துப் போட்டுக் காட்டினார். வெளியே கொண்டக்டர்கள் மாத்தளைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலைந்து ஹோர்ன்கள் ஒன்றாக அலறின. நான் காதைக் கிட்டக் கொண்டுபோய் டொக்டர் மாதிரி தலையாட்டினேன். மூன்றும் சாதுவாக இருந்தன.

"சத்தமே இல்ல சேர். கைய வெச்சுப் பாத்தாத்தான் ஓடுதுண்டு வெளங்கும்" என்றார் முதலாளி.

அவற்றில் ஒன்று குண்டசாலைக்காரரிடம் இருந்த அதே ரகம். "சின்ன வேலைக்கு இதுதான் சரி" என்று முதலாளி அதைத்தான் என் பக்கம் தள்ளி வைத்தார். அதையே வாங்கினால் குண்டசாலைக்காரர் ஜெயித்ததாக ஆகிவிடாதா? அதைவிடப் பெரிய ஒன்றைக் காட்டி, "இதைக் கட்டுங்க" என்றேன். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கட்டினார்.

வீட்டில் சுவிட்சைப் போட்டேன். ஹுன்னஸ்கிரிய மலை ஏற்றத்தில் முக்குகிற லொறி ஒன்று எங்கள் ஹோலுக்குள் ஏறிய மாதிரி ஒரு சத்தம். அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின. சுவருக்கு அப்பால் குழந்தை வீறிட்டது.

"அண்ணே! இப்பத்தான் தூங்க வச்சேன்!" என்று அதன் தாயும் வீறிட்டாள்.

பதறிப்போய் அதன்மேல் பெட்ஷீட்டைப் போர்த்தினேன். தலையணை வைத்தேன். பிறகு தூக்கிக்கொண்டு போய் டொய்லட்டுக்குள் வைத்தேன். நாலு சுவர் கிடைத்த சந்தோசத்தில் அது இன்னும் உரக்கப் பாடியது.

"ராஜாவுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா, ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கிறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

பின்னேரம் மழை பிடித்தது. தகரக் கூரைமேல் அது கொட்டும்போது எங்கள் வீட்டில் பேசுவதே கேட்காது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. மழை அடிக்கும்போது நானும் அடித்தால் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய் மெசினைப் போட்டேன். குழந்தை அழவில்லை. ராஜாவின் பச்சை அங்கி பட்டு மாதிரி வந்தது. இதைப் பார்க்கும்போது குண்டசாலைக்காரரின் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்து, தனியாகச் சிரித்துக்கொண்டே அடித்தேன்.

அப்போது ஏர்பிரஷ் பேனா தும்மியது. அங்கி முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். துடைத்தேன், தேமல் மாதிரி பரவியது. மறுநாள் மழையிலும் அதே கதை. ஃபாதர் சொன்ன நாள் வந்துவிட்டதால் அப்படியே கோவிலுக்குக் கொண்டுபோனேன்.

"என்ன இது, ராஜாவுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார் ஃபாதர். குண்டசாலைக்காரரின் ராஜா பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அந்த மனிதர் என் ராஜாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மழை நேரத்துல அடிச்சீங்களா அண்ணே? ஈரக் காத்த அமுக்கினா ஹோஸ்ல தண்ணி சேரும். நம்ம வீட்டுக்கு வாங்க, திருத்திடலாம்."

அவர் சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உதவி செய்கிற மனிதரை என்ன செய்வது? மாதா ஒரு குளிக்கிற துவாயில் சுற்றப்பட்டு, அவர் மடியில் உட்கார்ந்து, ஆட்டோவில் போனார். நான் கோவில் வாசலில் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை என் ராஜாவைத் தூக்கிக்கொண்டு குண்டசாலைக்குப் போனேன். அவர் சொன்னபடி தேய்த்து, திரும்ப அடித்தேன். அரை மணியில் அம்மை இறங்கிவிட்டது. அதே மேசையில் மாதா நின்றார். முகம் முடிந்திருந்தது, நீலப் போர்வைக்கு முன்பக்கம் முதல் பூச்சும் முடிந்திருந்தது, முதுகுப் பக்கம்தான் மிச்சம். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். பாவி, ஒன்றுகூட வைக்கவில்லை.

வாசலில் மீன்காரர் ஹோர்ன் அடித்தார். "ஒரு நிமிசம் அண்ணே" என்று குண்டசாலைக்காரர் எழுந்து போனார்.

அவருடைய பேனாவில் நீலம் மிச்சமிருந்தது. என் கை அதை எடுத்ததை நான் தடுக்கவில்லை. மாதாவைத் திருப்பி, முதுகுப் பக்கம் போர்வையின் கீழ்க்கரையில் ஒரு சாண் நீளத்துக்கு அடித்தேன். அந்த மெசினின் சத்தத்தைவிட என் மூச்சு உரக்கக் கேட்டது. பூனைகூடக் கண் திறக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, மாதாவை முன்போலத் திருப்பி, ராஜாவின் தாடியை ரொம்பக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அவர் மீன் பையோடு வந்தார். மாதாவைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"பாரை நல்லா இருந்துச்சு. சாப்பிட்டுத்தான் போகணும் அண்ணே."

சாப்பிட்டேன். குழம்பும் நன்றாகத்தான் இருந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நத்தார் பூசைக்குப் பிறகு குடிலைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் பல்ப் வயரைச் சரிபார்க்கிறவன் மாதிரி வைக்கோலை விலக்கிக்கொண்டு குடிலுக்குப் பின்னால் குனிந்தேன். போர்வை முழுவதும் இரண்டாவது பூச்சு ஏறியிருந்தது. கீழ்க்கரையில் நான் அடித்த ஒரு சாண் நீளம் மட்டும் அந்தப் பூச்சு படாமல் ஒதுக்கி விடப்பட்டு, சற்றே வெளிறி, நான் விட்டபடியே இருந்தது.