நடுப்பாறையில் நின்றபோது

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கீற்றுக் கொட்டகையில் டீக்கடை போட்டு, அதிலிருந்து செங்கம் சாலையில் பன்னிரண்டு அறை லாட்ஜும் வேங்கிக்காலில் மாடி வீடும் கட்டினேன். உதவி கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை. பயம் என்றால் என்னவென்று அறுபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் மனைவியுடன் ஜவ்வாது மலைக்குப் போனேன். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் அருவி. வழிகாட்ட ஒரு மலைக்காரப் பெண் வந்தாள். போட்டோவுக்காக மனைவியை ஓடையின் நடுப்பாறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஐயா, தண்ணி கலங்குது! மேல மழை புடிச்சிடுச்சு. உடனே கரைக்கு வாங்க!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

"மாசாமாசம் வெறுங்கால்ல கிரிவலம் சுத்துறவன்மா நான். எனக்கே கல்லுல நடக்கக் கத்துக் குடுக்கிறியா?"

"வீம்பு பண்ணாதீங்க, வாங்க" என்றாள் மனைவி.

நான் சிரித்து முடிப்பதற்குள் செந்நீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. மனைவிக்குக் கால் வழுக்கியது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவள் வாய் அசைந்தது, இரைச்சலில் குரல் கேட்கவில்லை. பயம் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண் கரையில் குப்புறப் படுத்து மூங்கில் கழியை நீட்டினாள். அதைப் பிடித்துத்தான் இருவரும் கரையேறினோம்.

அந்தப் பெண்தான் காப்பாற்றினாள் என்று மனைவி எல்லாரிடமும் சொல்கிறாள். உண்மைதான். பாறைக்கு இழுத்துப்போன தப்பும் என்னுடையதுதான். இன்றும் மழை வலுத்தால் எழுந்துபோய் மனைவி எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். ஆனால் கழி வரும்வரை பிடியை விடாதவன் நான். சொல்கிறபோது அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.