கள்ளிச்செடிக்குப் பின்னால் ஒரு குழாய்

உணவகத்தில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் சமைப்பதில்லை, பரிமாறுவதில்லை, வேளைக்குச் சாப்பிடுவதும் இல்லை. ஆனால் உப்புக் கூடினாலும், ஏசி நின்றாலும், எதிர்க்கடையில் கூட்டம் சேர்ந்தாலும் காரணம் சொல்ல வேண்டியவர் அவர்தான். இதைப் படிக்கும்போதே கால் கடுப்பதாக உணர்கிறவர்கள் என் இனத்தார். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அன்று ஜூலை மாதத்து வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். வெளியே நாற்பத்துநான்கு டிகிரி. காற்றில் ஈரம் மிகுந்து, எங்கள் கண்ணாடிக் கதவு வெளிப்புறமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. ஷார்ஜா முவைலாவின் பக்கத்தெரு ஒன்றில், சலவைக்கடைக்கும் மொபைல் கடைக்கும் நடுவே இருந்த எங்கள் டாக்கோ கடையில் பன்னிரண்டு மேசைகள். பதினொன்று காலி. பன்னிரண்டாவதில் முதலாளி யூசுஃப் நானா உட்கார்ந்திருந்தார். நாகூர்க்காரர், துணி வியாபாரத்தில் தலை நரைத்தவர், நண்பர் ஒருவரின் பேச்சை நம்பி மெக்சிகோ உணவில் இறங்கியவர். நண்பர் கரையேறிப் போய்விட்டார். நானா மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றார்.

வியாபாரம் தேறாவிட்டால் இதைப் பரோட்டா கடையாக மாற்றிவிடுவது அவர் திட்டம். அப்படி மாறினால் கல்லாவை அவரே பார்த்துக்கொள்வார். என் விசா இந்தக் கடையின் பெயரில் இருந்தது. சமையற்காரி மாரிட்டெஸின் விசாவும் அப்படியே. அவள் பிலிப்பைன்ஸ்காரி, மெக்சிகோ சமையற்காரர் ஒருவரிடம் பத்தாண்டுகள் வேலை கற்றவள், சோளத்தை ஊறவைத்து, அரைத்து, ஒவ்வொரு ரொட்டியையும் கையால் அழுத்திச் சுடுகிறவள். பரோட்டாவுக்கு அவள் எதற்கு? இவையெல்லாம் தெரிந்தவர்தான் நானா. அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல், உப்புக் குப்பியைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, ஸ்கூல் திறக்குற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கூட்டம் வரலைன்னா போர்டைக் கழட்டிட வேண்டியதுதான்."

கையைத் தூக்கிக்கொண்டு போனவர்

மறுவாரம், வெயிலில் வேலை கூடாதென்று நிறுத்தும் நண்பகல் இடைவேளையில், பக்கத்துக் கட்டட சைட்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். விலைப்பலகையைப் படித்து, "நம்ம கேன்டீன் ரேட்டுதான்டா" என்று தைரியம் கொண்டு உட்கார்ந்தார்கள். மூத்தவர் அரியலூர் முருகேசன், ஃபோர்மேன். தட்டு வந்ததும், சோள ரொட்டியில் கறி வைத்து மடித்திருந்த டாக்கோவை அவர் விரித்தார். கோழிக்கறியை ஓரமாக வழித்தார். சோள ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு, மேலே எலுமிச்சை பிழிந்து, மிகுந்த ஒழுங்கோடு சாப்பிட்டார். சல்சாவைச் சட்னி என்றே அழைத்து மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கொடுத்தேன். மடித்துச் சாப்பிட வேண்டும் என்று நான் திருத்தவில்லை. பசித்தவரிடம் வடிவியல் பேசுவது எனக்குப் பிடிக்காது.

முடித்ததும் எழுந்து, குவித்த வலக்கையைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் டிஷ்யூத் தாளை நீட்டினேன். காகிதத்தால் குளிக்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். சமையலறைக்குள் வெளியாரை விடுவதற்கில்லை. பிறகு அதே கையோடு வெயிலில் இறங்கி, எதிரே பள்ளிவாசல் சுவரிலிருந்த குழாயை நோக்கிப் புறப்பட்டார். கதவருகே நின்று ஒன்று சொன்னார்:

"ருசியில குத்தம் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா கை கழுவ எடமில்லாத கடைக்கு ரெண்டாந்தரம் எப்படிக்கா வர்றது?"

தலையைச் சாய்க்க மறுத்தவர்

அடுத்த சனிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது: தாய், தந்தை, இங்கேயே பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயது மகன். தாய் உட்காரவில்லை. கூடத்தின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, மூலையில் நின்ற கள்ளிச்செடித் தொட்டியின் மேல் மகனின் கையைப் பிடித்துக் கழுவிவிட்டார். "செடிக்கும் ஆச்சு, கைக்கும் ஆச்சு" என்று என்னிடம் நியாயமும் சொன்னார். அது பிளாஸ்டிக் செடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தந்தை டாக்கோவை நிமிர்த்திப் பிடித்துக் கடிக்க, பாதி சட்டையில் விழுந்தது. மகன் பொறுமையிழந்து, "அப்பா, டாக்கோவை டில்ட் பண்ணாதீங்க, உங்க ஹெட்டை டில்ட் பண்ணுங்க" என்றான். பையன் சொன்னது முற்றிலும் சரி. தந்தை சட்டையைத் துடைத்தபடி சொன்னதும் சரிதான்:

"பதினெட்டு வருஷமா விசா குடுத்த கஃபீல் முன்னாடி தலையைச் சாய்ச்சாச்சுடா. சோத்துக்கு முன்னாடியுமா?"

தொப்பிக்காரனும் தொட்டியும்

நான் தாவரவியலில் முதுகலை படித்தவள். அந்தக் கள்ளிச்செடி முதல் நாளிலிருந்தே என்னை வருத்திவந்தது. ஒரே தண்டில் மூன்று வகை முள். உச்சியில் செம்பருத்தியை ஒத்த ஒரு பூ. தொட்டியில் மண் கிடையாது. ஆகவே அந்தத் தாய் ஊற்றிய தண்ணீர் முழுவதும் தரைக்கு வந்துவிட்டது. துடைப்பதற்காகச் செடியை நகர்த்தினேன். பின்னால் இருந்த பலகைச் சுவரில் அகலத் தொப்பி அணிந்த ஒருவர் வரையப்பட்டிருந்தார். அவர் முழங்காலில் என் முழங்கை இடித்தது. உள்ளே வெற்றிடம் ஒலித்தது. கடையை மூடியதும் திருப்புளியால் பலகையைக் கழற்றினேன். முன்பு இங்கே இருந்த கஃபேட்டீரியாவின் வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று, இரண்டு குழாய்களோடு, பொறுமையாகக் காத்திருந்தது.

மறுநாள் நானா தலையில் கை வைத்தார். "டிசைனர்தான் மூடச் சொன்னாரு. கை கழுவுற தொட்டி இருந்தா மெஸ் மாதிரி ஈக்குமாம், மெக்சிகோ மாதிரி ஈக்காதாம்."

"நானா, நம்ம கடைக்கு வர்றவங்களும் மெக்சிகோ மாதிரி இல்லையே" என்றேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு எழுந்தார்:

"சரி, திறந்து வையி. கூட்டம் வரலைன்னா தொப்பிக்காரனும் போவான், தொட்டியும் போவும், நானும் போவேன்."

கொதித்த குழாய்

முதலில் கை கழுவும் பெருமை நானாவுக்கு அளிக்கப்பட்டது. குழாயைத் திறந்த மறுகணம் "யா அல்லாஹ்!" என்று துள்ளிப் பின்வாங்கினார். மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுவதும் காய்ந்த தண்ணீர். அதில் தேயிலை போட்டால் நிறம் இறங்கியிருக்கும்.

வளைகுடாவில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். கோடையில் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டால், அதனுள் தேங்கும் தண்ணீர் ஏசி அறையின் குளிர்ச்சிக்கு இறங்கிவிடும். பிறகு சுடுநீர்க் குழாயில்தான் குளிர்ந்த நீர் வரும். எங்கள் கூடத்துக் கூரையடியில் பழைய கடையின் பெரிய ஹீட்டர் ஒன்று வேலையின்றி இருந்தது. தொட்டியை அதனோடு இணைக்கச் சொன்னேன். பிளம்பர் ரஷீத் பாய் ஹைதராபாத்காரர். தமிழர்களோடு அறை பகிர்ந்து தமிழ் கற்றவர். சந்தேகத்தோடு இணைத்தார்; குழாயைத் திறந்து கையை நீட்டினார்; பிறகு முகத்தையும் கழுவிக்கொண்டார். வாசலில் ஒட்டுவதற்காகத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் நான் எழுதிவைத்திருந்த அறிவிப்பை அவரே வாங்கிப் படித்தார்: 'உள்ளே கை கழுவ இடம் உண்டு. குளிர்ந்த நீர்.' படித்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"கலாஸ், முடிஞ்சுது மேடம்! இந்த நாட்டுல ஹீட்டர்தான் ஃப்ரிட்ஜ்!"

மெக்சிகோவிலிருந்து வந்த தீர்ப்பு

அறிவிப்பை ஒட்டிய இரண்டாம் வாரம் ஆறு மேசைகள் நிரம்பத் தொடங்கின. அப்போதுதான் லூப்பே வந்தார்; பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி கற்பிப்பவர்; பிறந்தது மெக்சிகோவில். இதைக் கேட்டதும் நானா கல்லாவுக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். லூப்பே யாரையும் கேட்காமல் நேராகத் தொட்டிக்குப் போனார், கழுவினார், உட்கார்ந்தார், ஐந்து டாக்கோ சாப்பிட்டார், மறுபடி கழுவினார். பின்பு சமையலறைச் சாளரத்தருகே போய் மாரிட்டெஸிடம் சோளம் எத்தனை மணி நேரம் ஊறியது என்று விசாரித்தார். மாரிட்டெஸ் பதில் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொட்டி மெக்சிகோ முறைக்கு ஒவ்வாது என்று எங்கள் டிசைனர் சொன்னதை, மன்னிப்புக் கேட்கும் தொனியில், நானா என் வழியாகத் தெரிவித்தார். லூப்பே சிரித்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"எங்கள் ஊர் டாக்கோ கடைகளில் தொட்டி கூடத்திலேயேதான் இருக்கும். உங்கள் டிசைனர் மெக்சிகோவுக்குப் போனதில்லை, மாலுக்குத்தான் போயிருக்கிறார்."

ஏணி வைக்க இடமில்லை

பள்ளிகள் திறக்க மூன்று நாள் இருந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். வாசலில் ஒரு கம்பெனி வேன் நின்றது. முதலில் இறங்கியவர் முருகேசன். அவருக்குப் பின்னால் சைட்டில் பாதி. நேராகத் தொட்டிக்குப் போய், குழாயைத் திறந்து, நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, என்னை நோக்கித் தலையசைத்தார். அந்த அசைவை நான் சான்றிதழாகவே கருதுகிறேன். பிறகு தம் ஆட்களுக்கு வகுப்பெடுத்தார்: "மடிச்சும் சாப்பிடலாம், விரிச்சும் சாப்பிடலாம். மொதல்ல கையக் கழுவுங்கடா!"

சட்டையில் சிந்திய தந்தையும் குடும்பத்தோடு வந்திருந்தார். பன்னிரண்டு மேசைகளும் நிரம்பின. தொட்டிக்கு ஒரு வரிசை, இருக்கைக்கு ஒரு வரிசை. மாரிட்டெஸ் உள்ளேயிருந்து "யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்திக் கூவிக்கொண்டே இருந்தாள். அந்த நெரிசலில் ஏணியைத் தோளில் சுமந்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். எங்கள் பெயர்ப்பலகையைக் கழற்ற நானா ஜூலையிலேயே சொல்லிவைத்து, அடியோடு மறந்துபோன ஆள். ஏணியை ஊன்ற அங்கே ஓர் அடி நிலம்கூடக் காலியில்லை. கை கழுவும் வரிசையில் ஐந்தாவதாக நின்ற நானா, தம் இடத்தை விடாமல், அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"தம்பி, ஏணியை வெளியில சாத்திட்டு வந்து வரிசையில நில்லுங்க. எடம் கெடச்சா சாப்பிடலாம்!"

மறுநாள் காலை

முருகேசன் ஆறு மணிக்கு சைட்டுக்குப் போகும் வழியில், பூட்டியிருந்த எங்கள் கதவில் அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனதாகச் சலவைக்கடைக்காரர் சொன்னார். மாரிட்டெஸ் ஒன்பது மணி வரை தூங்கி எழுந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சோளத்தை ஊறவைத்தாள். ஏணிக்காரர் திரும்பி வந்து, பெயர்ப்பலகையின் டாக்கோ படத்துக்குக் கீழே, நானாவின் உத்தரவுப்படி, சொட்டும் குழாய் ஒன்றை வரைந்தார். நானா அல் நஹ்தாவில் இரண்டாவது கடைக்கு இடம் பார்க்கப் போய், வாட்ச்மேனிடம் முதல் கேள்வியாகத் தண்ணீர் இணைப்பைப் பற்றிக் கேட்டார். நான் தொட்டியின் உப்புக்கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் கள்ளியின் மூன்று இனத்து முட்களையும் ஒரே குப்பைத்தொட்டியில் சேர்த்தேன்.

ஒரு நாட்டு உணவை, இன்னொரு நாட்டில் கடை வைத்து, மூன்றாம் நாட்டவருக்கு விற்பது எப்படி என்று இப்போது என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்களுக்கெல்லாம், சுவரைத் தட்டிப் பாருங்கள் என்பதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.