சந்தனம் அடைத்த முன்சக்கரம்

சென்ற டிசம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கரை மணிக்கு அப்பாவின் கைபேசி ஒலித்தது. பேசியவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். எங்கள் பழைய ஜீப்பைப் பார்க்க மறுநாள் காலையில் வருவதாகவும், நான்கு சக்கரமும் இழுத்தால் மட்டுமே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மழை பெய்தால் அவர் தோட்டத்துப் பாதை சேறாகிவிடுமாம்.

மாதக் கடைசியில் நாங்கள் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அடையாற்றில் ஓர் அடுக்ககத்துக்குப் போக இருந்தோம். அங்கே ஜீப்புக்கு இடமில்லை. தோட்டக்காரர் வேண்டாமென்றால் அது பழைய இரும்புக்குத்தான் போகும். தி. நகர் பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்பா, தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஓட்டிய வண்டி அது. உடைக்கக் கொடுக்கும் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார்.

“நாலு சக்கரமும் இழுக்குமாப்பா?”

“ஏட்டி, உள்ள இருக்க லிவரைப் போட்டா இழுக்கும். இத்தனை வருஷமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?”

“கடைசியா எப்பப்பா போட்டீங்க?”

“பாண்டி பஜார்ல எதுக்குட்டி போடணும்?”

நான் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்தேன். லிவர் பாதி வேலையைத்தான் செய்கிறது. முன்சக்கரங்களின் நடுவில் உள்ளங்கையளவில் ஒரு வட்டத் திருகு உண்டு. அதை ‘ஃப்ரீ’ என்ற பக்கம் வைத்தால் சக்கரம் தன்போக்கில் சுற்றும். ‘லாக்’ பக்கம் திருப்பினால்தான் எஞ்சினிலிருந்து வரும் தண்டோடு பூட்டிக்கொள்ளும். இரண்டு திருகுகளும் பூட்டியிருக்க வேண்டும். வாசலுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கத் திருகு முனகிக்கொண்டே திரும்பியது. வலப்பக்கத்தது அசையவே இல்லை.

அப்பா மந்தைவெளியிலிருந்து தமக்குப் பழக்கமான மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இன்னா சார், வண்டி குளிச்சி எத்தினி நாளாச்சி?”

பிறகு ஒரு குறடால் திருகைக் கவ்வி முறுக்கினார். குறடு போட்டால் அது உடைந்துவிடும் என்று கையேட்டில் எழுதியிருப்பதைச் சொன்னேன். என் குரல் இயல்பிலேயே சற்றுத் தாழ்ந்தது. அதனால் அது யாருக்கும் கேட்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. திருகு முக்கால்வாசி திரும்பி நின்றது.

“முடிஞ்சிடுச்சி சார். லாக் ஆயிகீது.”

“இன்னும் முழுசா திரும்பலையே.”

“ஒரு பக்கம் சுத்தமா லாக் ஆயிகீதுல்ல தங்கச்சி? இந்தப் பக்கம் முக்கால். பாதிக்கு மேல இழுக்கும். போதும்.”

“ஒரு பக்கம் பூட்டலைன்னா முன்னால சக்தி எல்லாம் பூட்டாத பக்கமே போயிடும். பாதி இழுக்காது, இழுக்கவே இழுக்காது.”

“பொண்ணு இன்னா படிக்குது சார்?”

“இலக்கியம்” என்றார் அப்பா, மன்னிப்புக் கேட்கும் தொனியில்.

“அதான பார்த்தேன்!”

இருவரும் சிரித்தார்கள். என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார் அப்பா. நான் போகவில்லை. ஜாக்கி வைத்து வலச்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னேன். சொன்னதையே வேறு வேறு சொற்களில் மறுபடி மறுபடி சொன்னேன். கடைசியில், என் வாயை அடைப்பதற்காகவே என்று நினைக்கிறேன், மெக்கானிக் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பின்னால் தெரிந்த தண்டு சுற்றவில்லை. அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“இப்ப என்ன செய்ய?”

“ஹப்பையே மாத்தணும் சார். இந்த மாடலுக்கு எங்க கெடைக்கும்?”

திருகும் கூடும் சேர்ந்த அந்த ஹப்பை மாற்றுவதற்கு முன் அழுக்கை நீக்கிப் பார்க்கும்படி கையேடு சொன்னது. தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, திருகுக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலிருந்த கோட்டில் சுரண்டினேன். மண் வரும் என்று எதிர்பார்த்தேன். மஞ்சளாக ஒரு பொடி உதிர்ந்தது. அடியில் கல்லாக இறுகியிருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தேன். சந்தனம்.

அப்பா ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அந்தத் திருகுகளில்தான் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார். வட்டமாக, நடுவில், அதற்கென்றே செய்தது போல இருந்ததால் அந்த இடம். பூஜைக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பதும் அவர் விதி. அது உதிரவில்லை, மழையில் கரைந்து உள்ளே இறங்கிவிட்டது. வலப்பக்கம்தான் வாசற்படியைப் பார்த்திருப்பது. அதற்கு எப்போதும் தாராளமாகவே கிடைத்திருக்கிறது.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். “சார், வண்டி காதுல சந்தனத்த அடைச்சிட்டு நீ கூப்புட்டா அதுக்கு எப்டி சார் கேக்கும்?”

“சாமிக்கு வச்சது அப்படி என்ன செஞ்சிரும்?” என்றார் அப்பா. சந்தனத்தைக் குறை சொன்னவள் நான் என்பது போல என்னைப் பார்த்தார்.

மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் மெக்கானிக் தேய்த்தார். வழிந்ததெல்லாம் மஞ்சள். துடைத்து முடித்ததும் உள்ளே கிரீஸை நிரப்பப் போனார் அப்பா. மெல்லிய பூச்சுதான் வேண்டும், அதிகமானால் அதுவே திருகைப் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

“உனக்கு எல்லாத்துலயும் சிக்கனந்தான்.”

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது திருகு கையாலேயே திரும்பியது. சக்கரத்தைச் சுற்றினேன், தண்டும் உடன் சுற்றியது. போகும்போது மெக்கானிக், “தங்கச்சி, அந்த ஊசியக் கழுவிட்டுத் தலைல வை” என்றார்.

மறுநாள் காலை தோட்டக்காரர் வந்தார். தெருக்கோடியில் வீடு கட்டுமிடத்தில் கொட்டியிருந்த மணல்மேல் ஜீப்பை ஏற்றினார். பின்சக்கரங்கள் புதைந்தன. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்குத் தெரிந்திருக்காது. தோட்டக்காரர் லிவரைப் போட்டதும் முன்சக்கரங்கள் மணலைக் கவ்வி வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போயின.

“எடுத்துக்கறேன் சார்” என்றார் அவர், இறங்காமலேயே.

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனார். வழியனுப்பச் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். நேராக வலப்பக்க முன்சக்கரத்தை நோக்கி நடந்தார். அவர் குனிவதற்குள் கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கி, முகப்பு விளக்குகள் இரண்டிலும் நானே பொட்டு வைத்தேன். ஜீப் தெருமுனை திரும்பும்வரை கிண்ணத்தை அவரிடம் கொடுக்கவில்லை.