மண்டியிட ஓர் ஆள்

நாடகக் குழுவில் அவளுக்குப் பெயரே ‘குசுகுசு அக்கா’தான். பதினெட்டு வருடமாகத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் மறக்கும் வசனங்களைச் சன்னக் குரலில் எடுத்துக் கொடுக்கிறவள். தன் குரல் முன்வரிசைக்கு ஒருநாளும் கேட்டதில்லை என்பதுதான் அவளுக்குப் பெருமை.

அவர்கள் அப்போது போட்டுவந்த சரித்திர நாடகத்தில், தலை குனியாமல் சாவதுதான் ராஜாவுக்கு மானம். தளபதிக்கோ, எதிரி காலில் விழுந்தாவது மூவாயிரம் வீரர்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் மானம்.

அன்று மண்டியிட வேண்டிய இடத்தில் தளபதி வேடம் போட்டவன் மரம் மாதிரி நின்றான். மறந்துவிட்டான் என்று அக்கா வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான்.

“மாமனார் முன்னாடி உக்காந்திருக்காரு. மண்டி போட மாட்டேன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனாராம், மாமனார். எதிரி ராஜா ஓங்கிய வாளோடு திருதிருவென்று விழித்தான். அடுத்து நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. மூக்குக்கண்ணாடியும் கையில் புத்தகமுமாக மேடை நடுவில் மண்டியிட்டு, அந்த வசனத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரை விழுந்ததும் தளபதி பாய்ந்து வந்தான். “இத்தன பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேக்கா.”

அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். “நீ மண்டி போடலைன்னா அந்த மூவாயிரம் பேரும் எப்படிப்பா வீடு போய்ச் சேருவாங்க?”